மருத்துவ ஆசிரியர்க்கும் பயிற்சி வேண்டும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நம் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, ‘மருத்துவக் கல்வி வளர்ச்சியில் மண்டல மையங்களின் பங்கு’ என்பதாகும். இத்தலைப்பைக் கேட்டவுடன், ‘வரலாறு படித்துவிட்டுப் பள்ளித் தலைமையாசிரியராக இருப்பவருக்கும் மருத்துவக் கல்விக்கும் என்ன தொடர்பு?’ என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயமே. நான் மருத்துவன் அல்லன்; நாடி பிடித்துப் பார்க்கவும் தெரியாதவன். ஆனால் கற்பித்தல் என் தொழில். ‘மருத்துவக் கல்வி’ என்னும் தொடரில் முற்பாதி மருத்துவம், பிற்பாதி கல்வி. அந்தப் பிற்பாதியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று கருதியே இம்மேடையில் நிற்கிறேன்.

விடை தேட வேண்டிய ஒரு வினா

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அகரம் எழுதக் கற்றுக் கொடுக்க வேண்டுமாயின் ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்த வேண்டுமாயின் பி.ஏ. பட்டம் மட்டும் போதாது, பி.எட். பட்டமும் வேண்டும். பாடம் தெரிந்திருப்பது வேறு, அதைப் பிறர்க்குத் தெரியச் செய்வது வேறு என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது. பூவிருந்தவல்லியில் உள்ள பொதுச் சுகாதார நிறுவனத்தைப் பாருங்கள். வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஆய்வாளர்க்குக்கூடப் பணிக்குரிய பயிற்சி தனியே அளிக்கப்படுகிறது.

ஆனால் மனித உயிரைக் கையில் ஏந்தும் மருத்துவரை உருவாக்குகின்ற பேராசிரியர் நிலை என்ன? எம்.டி., எம்.எஸ். போன்ற உயர் பட்டம் பெற்றிருந்தால் போதும். வகுப்பில் நிற்கலாம், தேர்வு நடத்தலாம், ஒருவன் தேறினான் என்றோ தோற்றான் என்றோ தீர்ப்பளிக்கலாம். கற்பிக்கும் முறையையும் மதிப்பிடும் முறையையும் அவர் எங்கே கற்றார் என்று நெடுங்காலம் ஒருவரும் கேட்கவில்லை. சிறந்த அறுவை மருத்துவர் சிறந்த ஆசிரியராகவும் இருப்பார் என்பது உலகம் முழுவதும் நிலவிய நம்பிக்கை. அந்நம்பிக்கை பொய்த்துப் போகும் இடங்களில் இழப்பு யாருக்கு? வீட்டில் வழிகாட்ட ஒரு மருத்துவர் இருக்கும் மாணவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவனுக்கோ ஆசிரியரை விட்டால் வேறு கதியில்லை. ஆகவே மருத்துவ ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கும் மையங்களைப் பற்றிய பேச்சு, நம் மக்களின் உரிமையைப் பற்றிய பேச்சே ஆகும்.

மையங்கள் தோன்றிய வரலாறு

அமெரிக்க நாட்டின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1959ஆம் ஆண்டு ஜார்ஜ் மில்லர் என்னும் மருத்துவ அறிஞர், மருத்துவக் கல்வியைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். மருத்துவர்களும் கல்வியியல் அறிஞர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, மாணவன் எப்படிக் கற்கிறான், ஆசிரியர் எப்படிக் கற்பிக்க வேண்டும் என ஆராய்ந்தார்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 1970களில் இக்கருத்தைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது. உலகின் ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு பயிற்சி மையம். அம்மையத்தில் பயின்றோர் தத்தம் நாட்டில் தேசிய மையம் அமைத்தல். தேசிய மையத்தில் பயின்றோர் தத்தம் கல்லூரியில் உடன் பணியாற்றுவோர்க்குக் கற்பித்தல். இதுவே அத்திட்டத்தின் அமைப்பு. ஏரியிலிருந்து மதகு, மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல் என்று நீர் பாய்வது போன்றதோர் ஏற்பாடு.

நம் பகுதிக்கான மண்டல மையங்களுள் ஒன்று, கடல் கடந்து இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தில் 1970களின் தொடக்கத்தில் அமைந்தது. இந்தியாவில் அதே பத்தாண்டின் இடைப்பகுதியில், புதுச்சேரி ஜிப்மர் நிறுவனத்தில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் ஏற்பட்டது. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964இல் ஜிப்மர் என்னும் பெயரைப் பெற்றது அந்நிறுவனம். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் மருத்துவப் பேராசிரியர்கள் புதுச்சேரிக்கு வந்து மாணவர்களைப் போல் பெஞ்சில் அமர்ந்து, பாடம் நடத்தும் முறையைப் பாடமாகக் கற்றார்கள் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். பின்னர் 1988இல் புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம், வாராணசிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிறுவனம், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, ஜிப்மர் ஆகிய நான்கும் ஒன்றுகூடி, மருத்துவக் கல்வியைச் சீர்திருத்தக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்துக்கொண்டன.

இவ்வளவும் ஆர்வமுடையோரின் முயற்சிகளே. சட்டத்தின் வலிமை பிறகே வந்தது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவக் கல்விப் பிரிவு ஒன்று இருத்தல் வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்தின. 2009இல் அக்கவுன்சில் மண்டல மையங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் பொறுப்பிலும் சுற்றிலுமுள்ள கல்லூரிகளை ஒப்படைத்தது. தமிழகத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இப்பணியில் முன்னணியில் நின்று, பிற மையங்களுக்கும் வழிகாட்டும் முதன்மை மையமாக உயர்ந்தது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் கவுன்சிலின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் பொறுப்பேற்றது. மையங்களின் பணி ஆணையத்தின் கீழ்த் தொடர்கிறது. இணைப் பேராசிரியராக உயர மருத்துவக் கல்வியில் அடிப்படைப் பயிற்சி வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு ஆசிரியர் தகுதி விதிகள் கூறின. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்க்கு நெடுங்காலமாக உள்ள நிபந்தனை, மருத்துவப் பேராசிரியர்க்கும் ஓரளவேனும் வந்து சேர்ந்தது.

மையத்தில் நடப்பது என்ன?

மையத்தில் நடப்பது வெறும் சொற்பொழிவு அன்று. பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாக அமர்ந்து, பேராசிரியர்கள் தாமே செய்து கற்கிறார்கள். பி.எட். படித்தோர்க்கு நுண்ணிலைக் கற்பித்தல் என்பது நன்கு தெரியும். சில நிமிடங்களுக்குள் ஒரு சிறு பகுதியை மட்டும் நடத்திக் காட்ட, உடன் பயில்வோர் குறைநிறைகளை எடுத்துச் சொல்லுவர். அதே முறை அங்கும் உண்டு. முப்பதாண்டு அனுபவமுள்ள பேராசிரியரும் தம் பாடம் புரியவில்லை என்ற விமரிசனத்தை முகத்துக்கு நேரே கேட்டாக வேண்டும்! அந்த ஒரு மணி நேரம் பலருடைய போக்கையே மாற்றிவிடுகிறது.

அடுத்து, பாட நோக்கங்களை வரையறுக்கக் கற்பிக்கிறார்கள். ‘நெஞ்சகம் பற்றிய பாடம்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இப்பாடம் முடிந்ததும் மாணவன் இன்னின்னதைச் செய்து காட்ட வல்லவனாக இருப்பான்’ என்று தெளிவாக எழுத வேண்டும். அறிவு, செயல்திறன், மனப்பாங்கு என்னும் மூன்றையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். வினாத்தாள் அமைத்தல், விடைக்குறிப்பு எழுதுதல், மாணவனை இடையிடையே சோதித்து அவன் தவறுகளை அவனுக்கே விளக்குதல் ஆகியன பயிற்சியின் பிற கூறுகள். பள்ளிகளில் நாம் வளரறி மதிப்பீடு என்று எதைச் சொல்கிறோமோ, அதுவே மருத்துவக் கல்லூரிகளுக்கும் இம்மையங்கள் வழியாகச் சென்றது.

மில்லர் 1990இல் ஒரு கருத்தை வெளியிட்டார். மருத்துவ மாணவனின் தேர்ச்சியை நான்கு படிகளாகப் பார்க்க வேண்டும் என்றார் அவர். ஒன்றை அறிந்திருப்பது முதற்படி. எப்படிச் செய்வது என்று அறிவது இரண்டாம் படி. செய்து காட்டுவது மூன்றாம் படி. யாரும் பார்க்காதபோதும் பணியிடத்தில் அவ்வாறே செய்வது நான்காம் படி. மனப்பாடம் செய்து எழுதும் தேர்வு முதற்படியை மட்டுமே அளக்கும். நமக்கு ஊசி போடுபவரின் கை நான்காம் படியில் அல்லவா இருக்க வேண்டும்? 2019ஆம் ஆண்டு இந்தியாவெங்கும் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டதே. அப்பாடத்திட்டத்தைக் கல்லூரிகளுக்குக் கொண்டு சேர்த்ததில் மண்டல மையங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

சட்டம் திறந்த வாயில்

நண்பர்களே! இனி நம் மக்களின் நிலைக்கு வருகிறேன்.

மருத்துவக் கல்லூரியின் வாயில் நமக்கு எளிதில் திறக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் வரலாறு 1835இல் தொடங்குகிறது. வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்ததோ 1920களின் இறுதியில். பின்னர்த் திருத்தப்பட்ட அவ்வாணையின்படி 14 இடங்களுக்கு 2 இடங்கள் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டன. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையை முன்வைத்து எழுந்த செண்பகம் துரைராசன் வழக்கில், 1951ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதது ஆக்கியது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. அப்போது நாட்டின் சட்ட அமைச்சர் அண்ணல் அம்பேத்கர் என்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு, அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு, பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு என இட ஒதுக்கீடு நிலவுகிறது. நீட் தேர்வு வந்த பின் ஏழை மாணவர் பட்ட துயரத்தை அரியலூர் அனிதாவின் 2017ஆம் ஆண்டு மறைவு நாட்டுக்கே உணர்த்தியது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழகத்தில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் நம் திருவள்ளூர்க் கல்லூரியும் ஒன்று. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் பேருந்தில் செல்வோர் தனியார் மருத்துவக் கல்லூரிகளின் வளைவுகளையும் காணலாம். வாயில்கள் பல திறந்துள்ளன. நம் பிள்ளைகள் உள்ளே நுழைந்தும் இருக்கிறார்கள்.

ஆனால் நுழைவது வேறு. நின்று வெல்வது வேறு. சட்டம் வாயில் வரையில் துணை வரும். வகுப்பறைக்குள்ளும் தேர்வுக் கூடத்துக்குள்ளும் ஆசிரியரின் மனமும் முறையுமே ஆட்சி செய்கின்றன.

எண் பார்க்கும் தேர்வும் முகம் பார்க்கும் தேர்வும்

பள்ளிப் பொதுத்தேர்வில் விடைத்தாளைத் திருத்துகின்ற ஆசிரியர்க்கு மாணவனின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, தந்தையின் தொழில் தெரியாது. அவர் கையில் இருப்பது எண் தாங்கிய தாளும் விடைக்குறிப்பும் மட்டுமே. நம் சேரிப் பிள்ளைகள் மாநிலத்தில் தலைநிமிர்ந்து மதிப்பெண் பெற்றமைக்கு அவர்தம் உழைப்பு முதற்காரணம். இந்த ஏற்பாடு துணைக்காரணம்.

மருத்துவக் கல்லூரியிலோ எழுத்துத் தேர்வு ஒரு பகுதிதான். செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் தனியே உண்டு. அங்கே மாணவன் தேர்வாளரின் முன் முகத்துக்கு முகம் நிற்கிறான்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் கல்லூரியும் வேண்டா. தந்தை தொழிற்பேட்டையில் சுமை தூக்குபவர். தமிழ் வழியில் படித்த பிள்ளை. மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு எழுத்துத் தேர்வில் தேறினான். உடற்கூற்றியல் செய்முறையிலும் வாய்மொழியிலும் தோற்றான். ‘என்ன கேட்டார்கள் தம்பி?’ என்றேன். ‘ஐயா, முதலில் எந்தப் பள்ளி என்று கேட்டார்கள். அடுத்து அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு கேட்டவை என் காதிலேயே விழவில்லை ஐயா’ என்றான். அவன் மறு தேர்வில் தேறி இன்று மருத்துவனாக இருக்கிறான் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அவனைப் போல் எழ இயலாது வீழ்ந்தவர்கள் எத்தனை பேரோ!

இஃது ஒரு மாணவனின் கற்பனை என்று யாரேனும் ஒதுக்கிவிட முடியுமா? புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கு வேறுபாடு காட்டப்படுகிறதா என்று ஆராய 2006இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் நடுவணரசு குழு அமைத்தது. 2007இல் அக்குழு அளித்த அறிக்கை நம் நெஞ்சை உறுத்துவது. ஆசிரியரிடமிருந்து போதிய துணை கிட்டவில்லை, செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் நேர்மையான மதிப்பீடு கிட்டவில்லை என்று குழுவிடம் பேசிய நம் மாணவர்களுள் பெரும்பாலோர் கூறினர். நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்வி நிறுவனத்தைப் பற்றிய அறிக்கை இது.

முறையை மாற்றினால் நீதி வரும்

இதற்கு மருந்து என்ன? ஆசிரியரின் மனம் திருந்தும் வரையில் காத்திருப்பதா? மனம் திருந்த வேண்டும், ஐயமில்லை. அதற்கு முன்பே முறையைத் திருத்திவிடலாம். இங்கேதான் மருத்துவக் கல்வி மையங்களின் பணி நமக்கு நேரடியாகப் பயன்படுகிறது.

ஸ்காட்லாந்து நாட்டின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் என்பவர் 1975இல் ஒரு புதிய தேர்வு முறையை வெளியிட்டார். தேர்வுக் கூடத்தில் வரிசையாகப் பல நிலையங்கள் அமைக்கப்படும். ஒன்றில் நோயாளியின் இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். மற்றொன்றில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து விடை எழுத வேண்டும். வேறொன்றில் தாய்க்கு ஓர் அறிவுரை சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் சில நிமிடங்கள். மணி அடித்ததும் அடுத்த நிலையம். எல்லா மாணவர்க்கும் அதே பணிகள், அதே நேரம். தேர்வாளர் கையில் முன்கூட்டியே எழுதப்பட்ட பட்டியல் இருக்கும். மாணவன் நோயாளிக்கு வணக்கம் சொன்னானா? என்ன செய்யப் போகிறான் என்று விளக்கினானா? கைப்பட்டையைச் சரியான இடத்தில் கட்டினானா? அளவைச் சரியாகப் படித்தானா? செய்தான் என்றால் குறி. செய்யவில்லை என்றால் குறியில்லை. தந்தையின் தொழிலைக் கேட்க அப்பட்டியலில் இடமில்லை!

ஆய்வகச் செய்முறைக்கும் இதனையொத்த தேர்வு முறையைத் தில்லி நிறுவனத்தின் உடலியங்கியல் துறையினர் 1980களில் உருவாக்கி வெளியிட்டனர். பயிற்சி மையங்களின் வழியே இம்முறைகள் பிற கல்லூரிகளுக்கும் பரவின. ஒரு நிறுவனத்தில் வேறுபாட்டின் நோயும், அதே நிறுவனத்தில் அந்நோய்க்கு மருந்தாகக்கூடிய முறையும் இருந்தன என்பது சிந்திக்கத்தக்கது. மருந்து அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. நோயாளிக்குக் கொடுக்கப்பட வேண்டும். கொடுக்கச் செய்வதே மண்டல மையத்தின் தலையாய கடமை என்பது என் துணிபு.

மொழியின் சுவர்

மற்றொரு சுவர் மொழி. தமிழ் வழியில் பயின்ற மாணவன் பாடத்தை அறியாதவன் அல்லன். பாடத்தின் பெயர்களை ஆங்கிலத்தில் அறியாதவன். இவ்வேறுபாட்டை உணர்ந்த ஆசிரியர் அவனைக் கைதூக்கி விடுவார். உணராதவர் அவனை மந்தபுத்தி என்பார். 2019ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் தொடக்கத்தில் ஒரு மாத கால அடித்தள வகுப்பை வகுத்தது. மொழித்திறன், கணினிப் பயிற்சி, கற்கும் முறை, மருத்துவமனைச் சூழல் ஆகியவற்றைப் புதிய மாணவர்க்கு அறிமுகம் செய்வது அதன் நோக்கம். அதன் கால அளவு பின்னர் மாற்றப்பட்டாலும் கருத்து நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் ஆசிரியர் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்பதும் இன்றைய ஏற்பாடு. இவை ஏட்டளவில் நிற்பதும் உயிர்பெற்று நடப்பதும், அவற்றை நடத்தும் ஆசிரியர் பயிற்சி பெற்ற விதத்தைப் பொறுத்தது.

நம் தெருக்களும் வகுப்பறைகளே

இதுவரையில் மாணவராக நம் மக்கள் அடையும் பயனைச் சொன்னேன். நோயாளியாகவும் நாம் இதில் பங்குடையோம். அரசு மருத்துவமனையின் கட்டில்களில் யார் படுத்திருக்கிறார்கள்? பெரும்பாலும் நம் போன்ற ஏழை மக்களே. மாணவர்கள் கற்பது நம் உடலைத் தொட்டுத்தான். ‘இந்தக் கேஸைப் பார்’ என்று ஆசிரியர் சொன்னால் மாணவனும் மனிதனைப் பார்க்காமல் கேஸைப் பார்ப்பான். ‘இந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பார்’ என்று சொன்னால் மாணவன் அடக்கத்தையும் சேர்த்துக் கற்பான்.

மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கெனத் தனிப் பாடத் தொகுதி ஒன்று 2018இல் உருவாக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் எல்லாக் கல்லூரிகளுக்கும் உரியதாயிற்று. மேலும் 2021-22ஆம் கல்வியாண்டில் சேர்ந்த மாணவர் முதல், ஒவ்வொருவரும் கிராமப்புறக் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்தில் அவர்தம் நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டமும் வந்துள்ளது. வெள்ளை மேலங்கி அணிந்த இளம் மாணவர்கள் நம் ஊர்த் தெருக்களுக்கும் வரக்கூடும். வந்தால் ஊர்த்தெருவோடு திரும்பிவிடுகிறார்களா, காலனிக்குள்ளும் வருகிறார்களா? திண்ணையில் அமர்ந்து ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்களா? அவர்களுடைய ஆசிரியர் அவர்களுக்கு எதைக் கற்பித்தார் என்பதை அந்த ஒரு குவளைத் தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும்.

மையங்களால் இயலாதவை

மண்டல மையம் அமைந்துவிட்டால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடும் என்று நான் கூறவில்லை. சில நாள் பயிற்சியில் தலைமுறை தலைமுறையாகப் படிந்த எண்ணம் கரைந்துவிடாது. சான்றிதழுக்காக வந்து, சான்றிதழோடு திரும்புவோரும் உண்டு. பி.எட். படித்துவிட்டுப் பிரம்பை மட்டும் நம்பும் ஆசிரியர் இல்லையா? பட்டியலிட்ட தேர்விலும் ஏளனப் பார்வைக்கு வழியுண்டு. கல்விப் பிரிவு பெயர்ப்பலகையோடு நின்றுவிடும் நிலையும் நேரலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மையங்களின் பயிற்சித் திட்டத்தில் நோக்கங்கள், முறைகள், மதிப்பீடு எல்லாம் இடம்பெறுகின்றன. முதல் தலைமுறை மாணவனின் அனுபவம் என்பது அதில் தனிப் பாடமாக இடம்பெற வேண்டும். சாதி என்ற சொல்லை உரக்கச் சொல்லாமல் சமத்துவத்தைக் கற்பிக்க முடியாது. தோரட் குழுவின் அறிக்கை ஒவ்வொரு பயிற்சியிலும் படித்து விவாதிக்கப்பட வேண்டும். இக்கோரிக்கையை நம் கழகம் இவ்வெள்ளி விழாத் தீர்மானங்களுள் ஒன்றாகச் சேர்த்து, தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் தமிழக அரசுக்கும் அனுப்ப வேண்டும் என்று இம்மேடையிலேயே வேண்டிக்கொள்கிறேன்.

நாம் செய்ய வேண்டியவை

மருத்துவம் பயிலும் இளைஞர்களே! உங்கள் கல்லூரியின் கல்விப் பிரிவு எங்கே உள்ளது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வழிகாட்டி ஆசிரியர் யார் என்று கேட்டுப் பெறுங்கள். பணிப்பதிவேட்டை அன்றன்றே எழுதிக் கையொப்பம் பெறுங்கள். இடைத்தேர்வில் மதிப்பெண் குறைந்தால், ‘ஐயா, நான் எங்கே தவறினேன்?’ என்று பணிவுடன், ஆனால் அச்சமின்றிக் கேளுங்கள். தவற்றைச் சுட்டிக்காட்டித் திருத்துதல் ஆசிரியரின் கருணை அன்று, அவருடைய கடமை, உங்கள் உரிமை. தோல்வியை விடுதி அறைக்குள் தனியே சுமக்காதீர்கள். கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஓடி வர நாங்கள் இருக்கிறோம்.

கழக உறுப்பினர்களே! இதுவரையில் நாம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வோடு நம் பணி முடிந்தது என்று இருந்தோம். இனி, கல்லூரியில் இடம் கிடைத்த நாளுக்கும் வகுப்பு தொடங்கும் நாளுக்கும் இடையில் உள்ள வாரங்களை நாம் பயன்படுத்த வேண்டும். உடல் உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்கள், குறிப்பெடுக்கும் முறை, வாய்மொழித் தேர்வில் நிமிர்ந்து நின்று விடை கூறும் பயிற்சி ஆகியவற்றை நம் மாலை வகுப்பிலேயே அளிக்கலாம். நம்மிடையே உள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் வாரம் ஒரு மாலைப் பொழுதை இதற்குத் தர வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளை மருத்துவக் கல்லூரியில் ஒரு தாளில் தோற்றால், அவனை ஏசாதீர்கள். நீங்கள் ஏறாத மலையில் அவன் ஏறிக்கொண்டிருக்கிறான். எங்கே கால் இடறியது என்று கேளுங்கள்.

நிறைவாக, மருத்துவப் பட்டம் பெற்றோர்க்கும் பெறப்போவோர்க்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவராவதோடு நின்றுவிடாதீர்கள்; உங்களுள் சிலரேனும் மருத்துவ ஆசிரியராகுங்கள். கல்விப் பிரிவில் சேருங்கள். மண்டல மையங்களில் பயிற்சி பெறுவோராக மட்டுமன்றி, பயிற்சி அளிப்போராகவும் அமருங்கள். தேர்வாளரின் நாற்காலியில் நம்மவர் ஒருவர் அமர்ந்து, எதிரே நடுங்கி நிற்கும் பிள்ளையிடம், ‘பயப்படாதே அம்மா, தெரிந்ததைச் சொல்’ என்று கூறும் நாள் வர வேண்டும். அப்பிள்ளை எந்தச் சாதியினளாக இருந்தாலும் அவ்வாறே கூற வேண்டும். நாம் கேட்பது சலுகை அன்று. எல்லார்க்கும் ஒரே அளவுகோல்.

மருத்துவமும் கல்வியும் நமக்கு அயலானவை அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். கல்விக்கூடங்கள் எழக் காரணமானவர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கியவர். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக அவர் சூடிக்கொண்டார். ஒரு நல்ல ஆசிரியர் மாணவனுக்கு என்னவாக இருக்க முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அத்தகைய ஆசிரியர்கள் நம் மருத்துவக் கல்லூரிகளில் பெருக வேண்டும். அவர்களைப் பெருக்கும் மையங்கள் வலுப்பெற வேண்டும். அம்மையங்களில் நம் குரலும் ஒலிக்க வேண்டும்.